டர்போ பெட்ரோல் காரை எக்ஸ்சேஞ்ச் கொடுத்துவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கி நான்கைந்து வருடம் ஆகிவிட்டது, வாரன்டி முடியப்போகிறது, ஓடோமீட்டர் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் பயம் வரும். இனி செலவு வைக்குமோ, நல்ல விலை கிடைக்கும்போதே தள்ளிவிடலாமோ என்று யோசிப்பார்கள். வென்யூ, நெக்ஸான், எக்ஸ்யூவி300, மேக்னைட், டைகுன், குஷாக் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓடுகிற வண்டியைக் கொடுப்பது நஷ்டம். கொடுப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, அவை கீழே வரும்.

டர்போவில் அப்படி என்னதான் கெடும்?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். 1.0 லிட்டர் எஞ்சின் 1.5 லிட்டர் மாதிரி இழுப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு பக்கம் வரும் புகையின் சூடு 900 டிகிரி வரை போகும். இத்தனைக்கும் நடுவே அதைத் தாங்கி நிற்பது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம். அதனால்தான் டர்போ போனதாகக் கேள்விப்பட்டால் நான் முதலில் ஆயிலைப் பற்றிக் கேட்பேன். மாற்றாமல் விட்ட ஆயில் கருகிப் படிந்து, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயை அடைக்கும். பேரிங் தேயும், தண்டு ஆட ஆரம்பிக்கும், சக்கரம் உறையில் உரசும். பிறகு ஆயில் காற்றுப் பக்கம் கசிந்து நீலப் புகையாக வெளியே வரும்.

'பிக்கப் இல்லை, டர்போ போச்சு' என்று சொல்லி வரும் வண்டிகளில் பல சமயம் டர்போ நன்றாகவே இருக்கும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும், அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக டர்போவுக்கு எஸ்டிமேட் போடுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

மெக்கானிக் அண்ணன் 'டர்போ வண்டியா? ஒரு லட்சம் ஓடறதுக்குள்ள கொடுத்துடுங்க' என்கிறார். சரியா?

அவரிடமே கேளுங்கள், ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது என்ன? 2007-ல் வந்த 1.3 லிட்டர் டிடிஐஎஸ் எஞ்சினில் டர்போ உண்டு. இன்னோவாவிலும் ஸ்கார்ப்பியோவிலும் உண்டு. இவையெல்லாம் டாக்சியாகவே மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியதை அவர் கையாலேயே பார்த்திருப்பார். நாமக்கல்லிலிருந்து கிளம்புகிற லாரிகளிலும் டர்போதான். டர்போ நமக்குப் புதிது இல்லை. பெட்ரோல் எஞ்சினில் டர்போ பரவலாக வந்ததுதான் புதிது.

அதற்காக அவர் சொல்வதை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. பெட்ரோல் புகையின் சூடு டீசலைவிட அதிகம். மூன்று சிலிண்டர் எஞ்சின் தன் அளவுக்கு மீறிய வேலை செய்கிறது. மெல்லிய ஆயில், ஆயில் தங்கும் சின்னத் தொட்டி (சம்ப்), பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் எல்லாம் சேரும்போது கவனக்குறைவுக்கு இடம் குறைகிறது. பழைய வண்டி இரண்டு சர்வீஸைத் தவறவிட்டாலும் தாங்கும், இது தாங்காது. கெட்டால் சரிசெய்யப் பழகியவர்களும் குறைவு. அவருடைய பயத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

திடீரென எல்லாக் கம்பெனியும் டர்போவுக்கு மாறியது ஏன்?

வரிதான் காரணம். 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு வரி குறைவு. அந்த அளவுக்குள் சக்தியைக் கூட்ட டர்போதான் வழி. கூடவே 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததும் சின்ன டீசல் எஞ்சின்கள் விலை கட்டுப்படியாகாமல் ஒவ்வொன்றாக நின்றன. மாருதி டீசலையே நிறுத்திவிட்டது.

எல்லா டர்போ பெட்ரோலும் ஒரே மாதிரியா?

இல்லை. முதலில் உங்கள் வண்டியில் பெட்ரோல் எங்கே தெளிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நெக்ஸான் 1.2, மேக்னைட்-கைகர் 1.0, எக்ஸ்யூவி300-ல் ஆரம்பத்தில் வந்த 1.2 ஆகியவற்றில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது. இது பழைய முறை, எளிமையானது. வென்யூ, ஐ20 என் லைனில் இருக்கும் 1.0 டி-ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன்-ஸ்கோடாவின் 1.0, 1.5 டிஎஸ்ஐ, ஃப்ரான்க்ஸின் பூஸ்டர்ஜெட், மஹிந்திராவின் டிஜிடிஐ ஆகியவற்றில் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. இதில் சக்தியும் மைலேஜும் நன்றாக இருக்கும். ஆனால் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாததால் நாளாக நாளாகக் கார்பன் படியும். எண்பதாயிரம், ஒரு லட்சம் வாக்கில் ஐடிலில் நடுக்கம் தெரிந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். அது ஒரு பராமரிப்பு வேலை. வண்டியை விற்க அது காரணமாகாது.

தனியாகச் சொல்ல வேண்டியது ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.0 எக்கோபூஸ்ட். 2013-ல் வந்தபோது 125 குதிரைத்திறன் என்று எல்லோரையும் வாய்பிளக்க வைத்த எஞ்சின். இந்த வகை எஞ்சினில் உள்பாகங்களை ஓட்டும் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் கெட்டால் பெல்ட் உதிரும், உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும், பிறகு எஞ்சினே போகும். மறைமலைநகரில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய எக்கோஸ்போர்ட்டுகளை, ஆயில் பம்ப் பெல்ட் டென்ஷனர் கோளாறுக்காக ஃபோர்டு 2023 இறுதியில் அங்கே திரும்ப அழைத்தது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-லேயே ஃபோர்டு அறிவித்துவிட்டது. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லாத எக்கோபூஸ்ட் வண்டி கையில் இருந்தால், மாற்றப் பட்ஜெட் ஒதுக்குங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன். எக்கோஸ்போர்ட் டீசலுக்கு இது பொருந்தாது.

என் வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், சமதளத்தில் நிற்கும்போது ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மட்டம் இரண்டு கோட்டுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இப்படிச் செய்தால், அடுத்த சர்வீஸுக்குள் வண்டி ஆயில் குடிக்கிறதா இல்லையா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். சர்வீஸ் அட்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட இந்தப் படங்களை நம்பலாம். கொஞ்சம் இறங்குவது சகஜம். சர்வீஸுக்கு நடுவே ஒரு லிட்டர் டாப் அப் செய்ய வேண்டியிருந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது புகை. இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ காலையில் வெள்ளையாக வருவது வெறும் நீராவி. நீலமாக, எரிந்த ஆயில் வாசத்துடன் வந்தால் ஆயில் எரிகிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஐடிலில் நின்று ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் நீலம் வந்தால் டர்போ சீல் மீது சந்தேகப்படலாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, லேசான விசில் இயல்பு. புதிதாக வந்த, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் சைரன் மாதிரிச் சத்தம் இயல்பு இல்லை. 'உஸ்ஸ்' என்று காற்று கசியும் சத்தத்தோடு பிக்கப்பும் குறைந்திருந்தால் ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்த மெக்கானிக் ஆயில் இருப்பதாகச் சொன்னால் பதறாதீர்கள். விரலில் ஒட்டுகிற அளவு ஆயில் ஈரம் பல நல்ல வண்டிகளிலும் இருக்கும், எஞ்சின் மூச்சுக் குழாய் வழியாக வருவது அது. ஹோஸைச் சாய்த்தால் ஊற்றுகிற அளவு இருந்தால்தான் வேறு கதை.

ஆயிலில் பெட்ரோல் கலந்துவிடும் என்று படித்தேன். உண்மையா?

அந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2018-ல், சீனாவில் ஹோண்டாவின் 1.5 டர்போ எஞ்சினால். கடும் குளிரில் சின்னச் சின்னத் தூரம் ஓடிய வண்டிகளில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி ஆயில் மட்டமே ஏறியது. சி-ஆர்வி விற்பனையை அங்கே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அந்த எஞ்சின் நம் ஊரில் விற்கப்படவில்லை, அந்தக் குளிரும் நமக்கு இல்லை. ஆனால் தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் எஞ்சின் சரியாகச் சூடேறுவதே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் பைபாஸில் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால், பெட்ரோல் வாசமும் அடித்தால், கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

குறைந்த வேகத்தில் பெரிய கியரில் ஓட்டினால் பிஸ்டன் உடையுமா?

உடைய வாய்ப்பு உண்டு. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் 1500 ஆர்பிஎம் வாக்கில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், தீப்பொறி வருவதற்கு முன்னாலேயே கலவை தானாக வெடிக்கலாம். ஒரே வெடிப்பில் பிஸ்டன் ஓரம் உடைந்த வண்டிகள் உலகெங்கும் உண்டு. இதைத் தடுக்கவே ஆயில் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஐ அமைப்பு 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று புது ஆயில் தரங்களைக் கொண்டுவந்தது. டப்பாவில் 'எஸ்பி' இருக்கிறதா பாருங்கள்.

மைலேஜுக்காக நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாம் கியர் போட்டு, பஸ்ஸை முந்த அதே கியரில் மிதிக்கும் பழக்கம் நம்மிடம் நிறையப் பேருக்கு உண்டு. டீசல் ஓட்டிப் பழகிய கால் அது. டர்போ பெட்ரோலில் ஒரு கியர் இறக்கி மிதியுங்கள்.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது?

ஹூண்டாய், மாருதியில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் 15,000 அல்லது ஒரு வருடம். என்னைக் கேட்டால், நகர நெரிசலில் ஓடுகிற டர்போவுக்கு 15,000 ரொம்ப அதிகம். கிண்டி, போரூர், மதுரவாயல் பக்கம் தினமும் போகிறவருக்கு கிலோமீட்டர் ஏறாமலே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடுகிறது. 7,500-க்கு ஒரு முறை நடுவே ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றினால் சில ஆயிரத்தோடு முடியும். மேனுவலில் சொன்ன கிரேடையே போடுங்கள். 'வெயிலுக்குக் கெட்டியா இருக்கணும் சார்' என்று 20டபிள்யூ-40 ஊற்ற வருபவரை நிறுத்துங்கள், அந்தக் கெட்டி ஆயில் டர்போ தண்டுக்குப் போய்ச் சேர நேரமாகும்.

இ20 பெட்ரோல் டர்போவைக் கெடுக்குமா?

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும். அது டர்போவுக்குச் சாதகமே. மைலேஜ் குறையும். இ20-க்காக அமைக்காத கார்களில் 3 முதல் 6 சதவீதம் வரை என்று 2025-ல் அரசே சொன்னது. 2023-க்கு முந்தைய வண்டியாக இருந்தால் பெட்ரோல் ஹோஸ், சீல்களைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். இது டர்போ இல்லாத பழைய வண்டிக்கும் உள்ள பிரச்சினைதான்.

என் வண்டி ஆட்டோமேட்டிக். டர்போவைவிட கியர்பாக்ஸ் பயம் அதிகமாக இருக்கிறதே?

சரியான பயம். டர்போ வண்டி வேண்டாம் என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் மனம் நொந்தது டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸால். இரண்டும் ஒரே வண்டியில் வருவதால் பழி டர்போ மேல் விழுகிறது.

வென்யூ, ஐ20 டர்போவில் வருவதும், 1.5 டிஎஸ்ஐயில் வரும் டிஎஸ்ஜியும் (ஃபோக்ஸ்வாகன் தன் டிசிடிக்கு வைத்த பெயர்) உலர் கிளட்ச் கொண்டவை. அதாவது கிளட்ச் ஆயிலில் குளிராமல் காற்றிலேயே ஆறுகிறது. மேம்பால ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் உரசிச் சூடாகும். இரண்டு கிளட்சும் கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த இந்தப் பெட்டியைச் சரிசெய்யும் செலவு பல சமயம் டர்போ செலவைத் தாண்டும். டிஎஸ்ஜி வகையில் மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றத்தை இயக்கும் கம்ப்யூட்டர்-ஹைட்ராலிக் பகுதி) கோளாறுக்குப் பழைய சரித்திரமும் உண்டு. 2013-ல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. அப்புறம் அந்தப் பெட்டியில் நிறைய மாற்றங்கள் செய்தார்கள். இருந்தாலும் வாரன்டி இல்லாத உலர் டிசிடியை நெரிசலான நகரத்தில் நீண்ட காலம் வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே 1.0 டிஎஸ்ஐயுடன் வரும் 6 கியர் ஆட்டோமேட்டிக்கும், ஃப்ரான்க்ஸ் டர்போவில் வருவதும் டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது உரசும் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துபவை. அவற்றுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. மேனுவல் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

சரி, பணக் கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ரிப்பேர் செலவு வரலாம், வராமலும் போகலாம். வண்டி மாற்றும் செலவு கட்டாயம் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கையில் இருக்கும் வண்டிக்கு ஷோரூமில் 6 லட்சம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுக்க நினைக்கும் புது வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 11.5 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றியபடி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அதாவது 2 லட்சத்து 7 ஆயிரம். அந்தப் பணம் வண்டியில் எந்தப் பாகமாகவும் இல்லை, விற்கும்போது திரும்பியும் வராது. அதோடு முதல் வருட இன்சூரன்ஸ், லோன் வட்டி. ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விழும் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு எதிரே டர்போவே மாற்ற வேண்டி வந்தால் ஆகும் செலவை வையுங்கள். உங்கள் வண்டிக்கான பார்ட் விலையை சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். கூலியோடு ஒரு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், வாழ்நாள் வரியில் பாதிக்கும் குறைவு.

5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருக்கும் வண்டிக்கு வரி 13 சதவீதம். 9.9 லட்சம் என்றால் சுமார் 1.29 லட்சம். பத்தைத் தாண்டிய நிமிடம் வரி எகிறுகிறது என்பதை வேரியன்ட் தேர்வு செய்யும்போது மறக்காதீர்கள். சன்ரூஃபுக்காக ஒரு படி மேலே போனால் வரியும் சேர்ந்து படியேறும்.

ஜிஎஸ்டி குறைந்த பிறகு எக்ஸ்சேஞ்ச் விலை ஏன் இவ்வளவு கம்மியாகச் சொல்கிறார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. புதிய வண்டியே விலை குறைந்தால் பழைய வண்டிக்கு யார் பழைய விலை கொடுப்பார்கள்? நீங்கள் 2021-ல் கொடுத்த ஆன் ரோடு விலையை மனதில் வைத்துப் பேரம் பேசினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்று பார்த்து அதிலிருந்து இறங்கி வாருங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுத்தால் போதுமா?

கிடைக்கும் என்றால் எடுங்கள். டர்போவுக்கும் டிசிடிக்கும் இதைவிட மலிவான நிம்மதி வேறு இல்லை. வழக்கமான வாரன்டி முடிவதற்குள் எடுத்தால் விலை குறைவு, சில கம்பெனிகளில் முடிந்த பிறகு தரவே மாட்டார்கள். கம்பெனியின் சொந்தத் திட்டமா, டீலர் தலையில் கட்டும் மூன்றாம் ஆள் திட்டமா என்று கேளுங்கள். டர்போசார்ஜர், மெக்கட்ரானிக்ஸ் ஆகிய பெயர்கள் பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். கிளட்ச் தேய்மானம் பொதுவாக கவர் ஆகாது. ஒரு சர்வீஸைத் தவறவிட்டாலும் கிளெய்மை நிராகரிக்க அது போதும், அதனால் பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் கொடுப்பது?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, முன் ஓனர் ஆயில் மாற்றியதற்குச் சான்று இல்லை, இப்போது ஆயிலும் குடிக்கிறது என்றால் கொடுத்துவிடுங்கள். வாரன்டி நீட்டிக்க முடியாத உலர் டிசிடி, தினமும் நெரிசல், ஏற்கெனவே கியரில் உதறல் என்றாலும் அப்படியே. ஒரே கோளாறுக்கு மூன்றாம் முறை சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கிறீர்கள், அவர்களுக்கே காரணம் தெரியவில்லை என்றாலும் யோசிக்க வேண்டாம். பக்கத்து மாவட்டத்தில்தான் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதும் நியாயமான காரணமே. தென்காசி, பெரம்பலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்றும் உண்டு. வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் 'நடுவழியில் நின்றுவிடுமோ' என்ற நினைப்பு உங்களை விடவில்லை. அதையும் நான் சின்னக் காரணமாக நினைக்க மாட்டேன். ஆனால் அதற்கு இரண்டு லட்சத்துக்கு மேல் விலை கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே கொடுங்கள்.

மாற்றினால் டர்போ இல்லாத எதை எடுக்கலாம்?

ஹோண்டா சிட்டி, எலிவேட்டின் 1.5, கிரெட்டாவின் 1.5 எம்பிஐ, மாருதியின் கே15 எல்லாம் எளிமையான எஞ்சின்கள். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் புக் செய்யாதீர்கள். ஹோண்டா 1.5-க்கு 145 நியூட்டன் மீட்டர் இழுவை 4300 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். 1.0 டிஎஸ்ஐ 178-ஐ 1750-லேயே கொடுத்துவிடும். ஐந்து பேர், ஏசி, லக்கேஜோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இந்த வித்தியாசம் உங்கள் வலது காலுக்குத் தெரியும். டர்போவை விட்டு வந்தவர்கள் ஆறு மாதத்தில் 'வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று புலம்புவது வாடிக்கை. சமவெளியில் நிதானமாக ஓட்டுபவருக்கு இது பிரச்சினையே இல்லை. நகரத்திலேயே அதிகம் ஓடும், பத்து வருடம் வைத்திருப்பேன் என்றால் ஹைரைடர், கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) நல்ல தேர்வு. அதில் டர்போவும் இல்லை, டிசிடி கிளட்சும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மதிப்பிட வருபவர் பெயின்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவியோடு வண்டியைச் சுற்றி வருவார், பானெட்டைத் திறந்து போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா பார்ப்பார், ஸ்கேனரை மாட்டுவார். டர்போ வண்டி என்றால் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் கருப்புக் கசடு இருக்கிறதா என்றும் பார்ப்பார். அவர் விலையைக் குறைக்க வழி தேடும் நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டியது முழு சர்வீஸ் பில் ஃபைல். ஷோரூம் ஒன்றின் விலையை மட்டும் நம்பாமல், பழைய கார் வாங்கும் கம்பெனிகளிலும் ஒன்றிரண்டு விலை கேட்டுவையுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று ஒரு கையில் கொடுப்பதை வண்டி விலையில் மறு கையால் எடுப்பது உண்டு. மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள்.

லோன் முடிந்திருந்தால் வங்கியின் ஆட்சேபணையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை (ஹெச்பி) கேன்சல் செய்யுங்கள். விற்பனைக்குப் படிவம் 29, 30. நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம் வரை இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கிப் புது வண்டி பாலிசியில் கழித்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஆர்சி பெயர் மாறும் வரை விடாதீர்கள். விற்றுவிட்டாலும் ஆர்டிஓ பதிவில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபாஸ்டாகை அன்றே மூடுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். நிறுத்தும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விட வேண்டுமா?

தினசரி ஓட்டத்துக்குத் தேவையில்லை. வீட்டுத் தெருவுக்குள் மெதுவாக வரும்போதே டர்போ ஆறிவிடும். இன்றைய டர்போக்களில் பலவற்றுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு, எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேனோ பம்ப்போ சில நேரம் ஓடுவதைக் கேட்கலாம். பேட்டரி வீணாகிறதே என்று பயப்பட வேண்டாம். பைபாஸில் நூறில் வந்து நேராக டோல் பக்கத்து ஓட்டலில் நிறுத்தும்போதும், கொல்லிமலை மாதிரி முழு ஏற்றம் ஏறி வந்து நிறுத்தும்போதும் மட்டும் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் அந்த நேரத்தில் அதை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பிரேக்கில் கால் வைத்ததும் அதுவே அணைத்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்காமல் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.